பழைய ஃப்ரிட்ஜில் புகையிலை பதப்படுத்தும் பெட்டி: நாலே நாளில் பூஞ்சணம்

தோட்டக்கிறுக்கன்:
வீட்டில் விளைந்த புகையிலை. நிழலில் தொங்கவிட்டு ஏழு வாரம் ஆகிறது, நிறமும் பழுப்பாகிவிட்டது, ஆனாலும் ஒரே காட்டம், தொண்டையைப் பிடிக்கிறது. ஓடாத ஃப்ரிட்ஜ் ஒன்றில் 60 வாட்ஸ் குண்டு பல்பும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்து இலையை உள்ளே அடைத்தேன். நாலாம் நாள் நடுநரம்பெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். உள்ளே சூடு 36 டிகிரி. எங்கே தப்பு?

பழையஇரும்பு:
அந்த 36 தான் தப்பு. ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்தால் பூஞ்சணம் வராமல் என்ன செய்யும்? 50 டிகிரிக்கு ஏற்றி, ஈரப்பதத்தை 70-75 சதவீதத்தில் பிடியுங்கள். அந்தச் சூட்டில் பூஞ்சணம் பொதுவாகத் தலைதூக்காது, இலைக்குள் இருக்கும் நொதிகள் மட்டும் வேலை பார்க்கும். 65-ஐத் தாண்டவிட்டால் நொதியும் போய்விடும், அப்புறம் எத்தனை நாள் வைத்தாலும் வெறும் காய்ந்த இலைதான். நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நடுவில் கதவைத் திறந்தால் அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும், பயப்படாதீர்கள், காட்டம் வெளியேறுகிறது என்று அர்த்தம்.

பல்புக்குப் பதில் ஸ்லோ குக்கரில் (மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரம்) தண்ணீர் ஊற்றி வையுங்கள், சூடும் ஈரமும் ஒன்றாகக் கிடைக்கும். திருகுகிற குமிழ் உள்ளதாக வாங்குங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுக்கும்போது டிஜிட்டல் குக்கர் பெரும்பாலும் தானாக ஓடாது. இது தெரியாமல் நான் இரண்டு நாள் ஆறிப்போன பெட்டிக்குக் காவல் இருந்தேன்.

இலைச்சருகு:
உள்ளே சின்ன ஃபேன் ஒன்றும் போடுங்கள், இல்லையென்றால் மேல்தட்டு வெந்து கீழ்த்தட்டு நனையும். தெர்மோஸ்டாட்டின் சென்சாரைக் குக்கர் பக்கத்தில் வைக்காமல் இலைகளுக்கு நடுவில் தொங்கவிடுங்கள். ஒரு சந்தேகம்: அடைக்கும் முன் நடுநரம்பை ஒடித்துப் பார்த்தீர்களா?

தோட்டக்கிறுக்கன்:
வளைந்தது, ஒடியவில்லை.

இலைச்சருகு:
அப்படியென்றால் பாதிக் குற்றம் ஃப்ரிட்ஜுடையது இல்லை. நரம்பு சடக்கென்று ஒடிகிற வரை வெளியிலேயே காயட்டும், பிறகு லேசாகத் தண்ணீர் தெளித்து இலை துணி மாதிரி மடங்கும் பதத்துக்கு வந்ததும் அடையுங்கள். பூஞ்சணம் பூத்த இலையைத் துடைத்து எடுத்து வைக்க ஆசை வரும், வேண்டாம், குப்பையில் போடுங்கள். பச்சையாகவே காய்ந்துபோன இலையையும் கழித்துவிடுங்கள், மஞ்சளாகாமல் காய்ந்ததை எந்தப் பெட்டியும் திருத்தாது.

தோட்டக்கிறுக்கன்:
பாதி இலை குப்பைக்குப் போகிறது. சரி, மிச்சத்தை மறுபடி கட்டித் தொங்கவிட்டேன், ஒடிந்ததும் வருகிறேன்.