செனசன்ஸ்: மூப்பா, முதிர்வா, பழுத்தலா?

வணக்கம்.

இலை தன் வாழ்நாளின் முடிவில் பச்சை இழந்து, சத்தைச் செடிக்குத் திருப்பிக் கொடுப்பதை உயிரியலில் செனசன்ஸ் (senescence) என்பார்கள். அகராதியில் சேர்க்க அதற்கு 'இலை முதிர்வு', 'இலை மூப்பு' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டுமே வேறு பொருளுக்கு உரியவை.

செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) எவ்வளவு உரம் போடலாம் என்று பார்க்க இலை மாதிரி எடுப்பவர்கள் 17வது மட்டையைத்தான் தேடுவார்கள். முழுதாய் விரிந்த இளம் மட்டையை ஒன்று என வைத்துக் கீழ்நோக்கி எண்ண வேண்டும். 17வது மட்டை நன்றாக முதிர்ந்தது, ஆனாலும் பச்சை குறையாமல் உணவு தயாரித்துக்கொண்டிருப்பது. அதற்குக் கீழும் பதினைந்து மட்டைகளாவது பச்சையாக நிற்கும். 'முதிர்வு' அந்த நிலைக்கான பெயர். அதையே செனசன்ஸுக்கும் கொடுத்தால் 17வது மட்டையை என்னவென்று சொல்வது?

'மூப்பு' வயதைச் சொல்கிறது. ஆய்வகங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் ஒரே ஓர் இலையை மட்டும் கறுப்புத் தாளால் மூடினால் சில நாளில் மஞ்சளாகிவிடும். செடி முழுவதையும் இருட்டில் வைத்தால் அதே வயது இலை அப்படி ஆவதில்லை. வயது முக்கியம்தான், ஆனால் அது தூண்டும் காரணங்களில் ஒன்று மட்டுமே.

நடப்பது ஓர் ஒழுங்கான வேலை. இலையின் உயிரணுவில் உணவு தயாரிக்கும் பச்சை உறுப்பான பசுங்கணிகம் கலைக்கப்படுகிறது. அதிலிருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் குருத்துக்கும் விதைக்கும் போகின்றன. இதை நடத்த உயிரணுவின் கரு கடைசி வரை தேவை, அதனால் அது சீக்கிரம் அழிவதில்லை. இதை முடுக்கிவிடும் மரபணுக்களில் ஒன்று ஓரே1. இளம் இலையில் மிர்164 என்ற குட்டி ஆர்என்ஏ அதை அடக்கி வைக்கும். நாளாக ஆக மிர்164 குறையும், ஓரே1 தலையெடுக்கும். அந்தப் பெயரே கொரிய மொழியில் 'நெடுநாள் வாழ்தல்' என்ற பொருளுடைய 'ஒரேசாரா'விலிருந்து வந்தது. அந்த மரபணு கெட்ட செடியின் இலை நெடுநாள் பசுமையாக இருந்ததால் வைத்தார்கள். அவர்கள் வீட்டுச் சொல்லை எடுத்தார்கள். நாமும் எடுக்கலாம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் யாரும் 'இலை மூத்துவிட்டது' என்பதில்லை. 'பழுத்துப்போச்சு' என்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் பால்மரத்து (ரப்பர் மரத்து) இலை பழுத்துக் கொட்டும். புதுத் தளிரில் சாம்பல் நோய் விழுந்தால் இலை பழுக்காமலே கொட்டும்; அதிலிருந்த சத்தும் மரத்துக்குத் திரும்பாமல் மண்ணில் விழும். செம்பனை மட்டையோ பழுத்துக் காய்ந்தாலும் தானாக விழாது, வெட்டித்தான் இறக்க வேண்டும். ஆக, பழுப்பது வேறு, காய்வது வேறு, கொட்டுவது வேறு. பாடநூல் பிரிக்கத் திணறுவதைப் பேச்சு எப்போதோ பிரித்துவிட்டது.

என் பரிந்துரை: இலைபழுத்தல். அதோடு தொடர்புள்ள மரபணு, இலைபழு மரபணு. நெடுநாள் பச்சையாக நிற்கும் வகை, பழுக்கா வகை.

மறுமொழி:

ஐயா, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் பழமும் பழுக்கிறதே. 'பழுப்பு' என்றால் மாணவர்கள் மண்நிறத்தை நினைப்பார்கள். செடி எப்போது பூக்கத் தொடங்குகிறது என்பதைக் குறிக்கும் 'flowering time'-க்கும் ஒரு சொல் வேண்டும்; 'பூக்கும் காலம்' சரியா?

மறுமொழி:

தம்பி, பழத்துக்குக் 'கனிதல்' இருக்கிறது. அதை அங்கேயே வைத்துக்கொள்வோம். 'இலை' முன்னொட்டும் குழப்பத்தைத் தடுக்கும். 'பழுப்பு' என்ற பெயர்ச்சொல்லை நானும் தவிர்க்கிறேன். 'பழுத்தல்' என்ற தொழிற்பெயரில் நிறக்குழப்பம் வராது. விலங்கு உயிரணுவுக்கு 'மூப்பு' இருக்கட்டும்.

ஆனால் மஞ்சளானதெல்லாம் பழுத்தது என்று எழுதக் கூடாது. செம்பனையில் கீழ்மட்டை ஆரஞ்சாக மாறினால், மேலே படிந்திருக்கும் சிற்றிலையைத் தூக்கிப் பாருங்கள். நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சையாக இருந்தால் மக்னீசியக் குறை.

ஆய்வில் அளவு வேண்டுமென்றால் பச்சையத்தை அளக்க வேண்டும். எடை போட்ட இலைத் துண்டை 80% அசிட்டோனில் அரைத்து வடித்து, 645, 663 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். முதல் எண்ணை 20.2ஆலும் இரண்டாவதை 8.02ஆலும் பெருக்கிக் கூட்டினால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். குழாயைத் திறந்து வைத்தால் அசிட்டோன் ஆவியாகி எண் கூடிவிடும். வெளிச்சத்தில் வைத்தால் பச்சையம் சிதைந்து குறைந்துவிடும். பறித்த இலையை இருட்டில் பழுக்கவைக்கும்போது தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். அழுகின இலையிலும் பச்சையம் குறையும், அது பழுத்தல் ஆகாது.

பூப்பதற்கு: 'பூக்கும் காலம்' பருவத்தைக் குறிக்கிறது. 'பூக்கும் நாள்' என்றாலும் போதாது, ஏனென்றால் அரபிடாப்சிஸில் தண்டு எழும்போது அடியில் எத்தனை இலை இருக்கிறது என்று எண்ணியும் அளக்கிறார்கள். 'பூக்குந் தறுவாய்' இரண்டுக்கும் பொருந்தும். முந்திப் பூத்தல், பிந்திப் பூத்தல் அதிலிருந்தே வரும். பூக்கச் சொல்லும் எஃப்டி புரதம் இலையில் உருவாகித் தண்டின் நுனிக்குப் போவது என்பதால், இரண்டு சொற்களையும் அகராதியில் ஒன்றையொன்று சுட்டும்படி வைப்பது நல்லது.

கோதுமையில் 'இலைபழுத்தல்' நன்றாக உட்காருகிறது. என்ஏஎம்-பி1 மரபணு வேலை செய்தால் இலை சீக்கிரம் பழுக்கும். மணியில் புரதமும் இரும்பும் துத்தநாகமும் கூடும். அந்த மரபணுக் குடும்பத்தை அடக்கியபோது பழுத்தல் மூன்று வாரத்துக்கும் மேல் தள்ளிப்போனது, மணியில் அந்தச் சத்துகள் 30 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தன. 'இலை பழுத்தால்தான் மணியில் சத்து நிறையும்' என்று எழுதிப் பாருங்கள், பிறகு அதே வரியில் 'மூப்பு' போட்டுப் பாருங்கள்.