புதுப்பிப்பு: அம்மாவின் வலிக்குக் கஞ்சா மருந்து, ஹட்டனிலிருந்து

கீமோவுக்குப் பிறகு அம்மாவின் கால் எரிச்சல் நிற்கவில்லை. லண்டன் சித்தி சொன்ன கஞ்சா மருந்தை இங்கே இலங்கையில் சட்டப்படி எடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சித்தி சொன்னது உண்மைதான். பிரிட்டனில் 2018 நவம்பர் முதல் விசேட வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அந்த மருந்துத் துண்டைக் காட்டி இங்கே ஃபார்மசியில் வாங்க முடியாது.

இங்கே இருப்பது ஆயுர்வேத வழி. பதிவு பெற்ற ஆயுர்வேத வைத்தியர், மருந்து செய்வதற்காக மட்டும், ஆயுர்வேதத் திணைக்களம் மூலம் கஞ்சாவைப் பெறச் சட்டம் இடம் தருகிறது. கஞ்சா சேர்த்துச் செய்யும் மதன மோதகம் அப்படிப்பட்ட மருந்து. நோயாளியே இலை வைத்திருந்தால் குற்றம்தான், நோய் என்று சொல்லித் தப்ப முடியாது. தேயிலைத் தோட்டத்தில் யாராவது "கொஞ்சம் இருக்கு" என்றால் வாங்கிவிடாதீர்கள்.

கண்டியில் ஒரு ஆயுர்வேத வைத்தியரைப் பார்த்தோம். கிளினிக் கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அம்மா ஏற்கெனவே குடிக்கும் நரம்பு மாத்திரையோடு இது சேர்ந்தால் மயக்கம் வரலாம், முதலில் புற்றுநோய் வைத்தியரிடம் கேளுங்கள் என்று திருப்பி அனுப்பினார். எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. சரி, அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. கொப்பியோடு எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.