மாலை வகுப்பு லேப்டாப்களுக்கு லினக்ஸ் போடலாமா, வேண்டாமா?

மாலைவகுப்பு_டீச்சர்
வணக்கம். கோத்தகிரி பக்கம் கட்டபெட்டில் பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். ஐந்து லேப்டாப் இருக்கு. மூன்று, முன்பு படித்த பிள்ளைகள் கொடுத்த அரசு இலவச லேப்டாப், 2 ஜிபி ராம். இரண்டு, ஒரு எஸ்டேட் ஆபீஸில் கழித்துக் கொடுத்தது, 4 ஜிபி. எல்லாத்திலும் விண்டோஸ் 10. ஆன் பண்ணி பிரவுசர் திறப்பதற்குள் பாதி வகுப்பு போயிடுது. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு ஆதரவும் முடிஞ்சிடுச்சு. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு ஒரு இலவச இயங்குதளம் இருக்கு, அதைப் போடுங்கன்னு சொல்றாங்க. எனக்கு அதில் அரிச்சுவடிகூடத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தமிழ் டைப்பிங், கொஞ்சம் எக்செல், நெட்டில் பாடம் பார்ப்பது, இவ்வளவு போதும். எதைப் போடுவது?

மலைப்பாதை
தாராளமா போடுங்க டீச்சர். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்புச் சிப் வேணும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேணும். உங்க அஞ்சும் அந்தப் பக்கமே போகாது. அதுக்காக நல்லா ஓடுற மெஷினைக் குப்பையில் போட முடியுமா? லினக்ஸில் பல வகை இருக்கு. 4 ஜிபி ரெண்டுக்கும் லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇங்கிற இலகுவான பதிப்பு. 2 ஜிபி மூணுக்கும் லுபுண்டு, அதுவும் இலகுவான வகை. காசு இருந்தா பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி, அதாவது வேகமான சேமிப்பகம், மாட்டுங்க. எந்த சிஸ்டம் போட்டாலும் பாதி வேகம் அதில்தான் இருக்கு.

குன்னூர்_டிடிபி
நான் குன்னூரில் ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். டீச்சர், அவசரப்படாதீங்க. இப்படி ஆர்வத்தில் யாராவது லினக்ஸ் போட்டுக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அந்த மெஷின் என் கடைக்குத்தான் வரும், "அண்ணா, பழையபடி விண்டோஸ் போட்டுக் குடுங்க"ன்னு. காரணம் எப்பவும் சின்னதா இருக்கும். கொஸ்டீன் பேப்பர் வானவில்ங்கிற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கும், அந்த எழுத்துரு இல்லாம திறந்தா தமிழுக்குப் பதிலா புரியாத எழுத்தும் குறியுமா வரும். பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்காது. கேட்க ஆள் இருக்காது.

ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க. 2011-ல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கினப்ப வந்த மெஷினில் விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், சென்னையில் உருவாக்கினது, டெபியன்ங்கிற லினக்ஸ் வகைதான் அடிப்படை. தமிழ் வசதியும் இருந்தது. எத்தனை பிள்ளைங்க அதைத் திறந்து பார்த்தாங்க? என் கடைக்கு வந்த மெஷினில் முக்கால்வாசியில் அதை அழிச்சுட்டு இடத்தைப் படத்துக்கும் பாட்டுக்கும் வச்சிருந்தாங்க. சிஸ்டம் மோசம்னு நான் சொல்லலை. சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை.

முனையம்_மட்டும்
எதுக்கு இவ்வளவு தயக்கம்? ஆன்டிஎக்ஸ்னு ரொம்ப இலகுவான லினக்ஸ் இருக்கு, அதைப் போடுங்க, 2 ஜிபியில் பறக்கும். சந்தேகம் வந்தா ஆவணத்தைப் படிக்கட்டும், தேடிக் கண்டுபிடிக்கட்டும். மவுஸ் இல்லாம கட்டளையை டைப் பண்ற கட்டளைவரியில் தட்டுத் தடுமாறித்தான் கத்துக்க முடியும். எல்லாத்தையும் ஊட்டிவிட்டா யாரும் வளர மாட்டாங்க.

மலைப்பாதை
இதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். அந்த ஆவணமெல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கு. கட்டபெட்டில் மழை நாளில் சிக்னலே நிக்காது. "தேடிப் பார்"னு சொல்றது அந்தப் பிள்ளைக்கு "போ"ன்னு சொல்ற மாதிரிதான் கேட்கும்.

வாட்ஸாப்பில் கட்டளை அனுப்புறவங்க ஒரு தடவை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பாருங்க. நீங்க நிர்வாகி அனுமதி கேட்கிற சூடோங்கிற கட்டளையைச் சின்ன இங்கிலீஷ் எழுத்தில் அனுப்புறீங்க. அவங்க அதைப் போனிலேயே திரும்ப அடிச்சு யாருக்காவது அனுப்பினா கீபோர்டே முதல் எழுத்தைப் பெரிசாக்கிடும். அதைப் பார்த்து லேப்டாப்பில் அப்படியே அடிச்சா, அப்படி ஒரு கட்டளையே இல்லைன்னு வரும். அதைத் தாண்டினா பாஸ்வேர்ட் கேட்கும். லுபுண்டு 24.04-ல் அடிக்க அடிக்கத் திரையில் ஒண்ணுமே தெரியாது, புள்ளிகூட வராது. புதுசா வந்த பிள்ளை கீபோர்ட் கெட்டுப்போச்சுன்னு எழுந்து போயிடும். மின்ட்டில் நட்சத்திரக் குறி காட்டும். நமக்கு அற்ப விஷயம், முதல் நாள் உட்கார்றவங்களுக்கு அதுதான் எல்லாம்.

கூடலூர்_வாசி
டிடிபி அண்ணன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு எங்க ஊர் எல்லையைத் தாண்டிக் கேரளாவைப் பாருங்க. வயநாடு, நிலம்பூர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைங்க பல வருஷமா லினக்ஸில்தான் படிக்கிறாங்க. 2001-ல் தொடங்கின ஐடி அட் ஸ்கூல் திட்டம், 2017-ல் கைட்டுன்னு கம்பெனியா மாறினது, உபுண்டுங்கிற லினக்ஸ் வகையின் அடிப்படையில் பள்ளிக்கூடத்துக்குன்னே சிஸ்டம் தயாரிச்சுக் கொடுக்குது. அங்கே முதலில் வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. பாடப்புத்தகத்தில் இருக்கிற மென்பொருளும் மெஷினில் இருக்கிற மென்பொருளும் ஒண்ணு. அதனால்தான் நிலைச்சது. இங்கே லேப்டாப்பைக் கையில் கொடுத்தாங்க, கூட ஆள் வரலை.

அதனால டீச்சர், முதலில் நீங்க ஒரு மெஷினில் கொஞ்ச நாள் பழகுங்க, அப்புறம் பிள்ளைங்க. இன்னொண்ணு, அஞ்சிலும் ஒரே சிஸ்டம் இருக்கட்டும். மூணில் ஒண்ணு, ரெண்டில் ஒண்ணுன்னு போட்டா மெனு வேற, பட்டன் வேற, நீங்க ரெண்டு தடவை பாடம் நடத்தணும். 2 ஜிபி மெஷினுக்குப் பழைய டிடிஆர்3 லேப்டாப் ராம் வாங்கி 4 ஆக்கிட்டு எல்லாத்திலும் மின்ட் போடலாம். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு.

மலைப்பாதை
ஒரே சிஸ்டம், நல்ல யோசனை. லுபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் ஸ்னாப்ங்கிற கனமான பொதியா வேற வரும், பழைய டிஸ்க்கில் முதல் தடவை திறக்க ரொம்ப நேரமாகும். மின்ட்டே போதும்.

குன்னூர்_டிடிபி
கேரளா விஷயம் சரிதான். ஆனா அங்கே பின்னாடி அரசாங்கம் நிக்குது. டீச்சருக்குப் பின்னாடி யார் நிக்கிறது? தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கரன்ட் போனா நாள்கணக்கில் வராது. அந்த லேப்டாப் எதிலும் பேட்டரி நிக்காதுன்னு பார்க்காமலே சொல்வேன். அப்டேட் ஓடும்போது கரன்ட் போச்சுன்னா? மறுநாள் பிள்ளைங்க வந்து உட்கார்ந்தா கறுப்புத் திரை. விண்டோஸ்னா பக்கத்துக் கடைப் பையன்கூடப் பார்ப்பான். விண்டோஸ் 10-லேயே பதிவு பண்ணிக்கிட்டா 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு கிடைக்குது. அதுக்குள்ள நிதானமா யோசிக்கலாமே.

மலைப்பாதை
கரன்ட் விஷயம் உண்மை, மறுக்கலை. மின்ட்டில் சிஸ்டத்தைப் படி எடுக்கிற டைம்ஷிஃப்ட் இருக்கு. அப்டேட்டுக்கு முன்னாடி ஒரு படி எடுத்து வச்சா, கெட்டுப்போனாலும் பென்டிரைவில் பூட் பண்ணி பழைய நிலைக்குத் திரும்பலாம். பாதியில் நின்ன நிறுவலைச் சரிபண்ண ஒரே ஒரு கட்டளை போதும், அதை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கலாம். அப்டேட்டை யாராவது பெரியவங்க இருக்கிற நாளில் மட்டும் ஓட்டுங்க. ஆனா நீட்டிப்பு ஒரு வருஷம்தான் அண்ணா. அந்த மெஷினோட மந்தம் அதனால் குறையப் போறதில்லை. டீச்சரோட முதல் கஷ்டமே அதுதானே.

மாலைவகுப்பு_டீச்சர்
எல்லாருக்கும் நன்றி. டிடிபி சார் சொன்ன வானவில் கேள்வித்தாள்கள் என்கிட்டயும் நிறைய இருக்கு. தமிழ்99 கீபோர்ட் முறை வருமா? அழிக்காமல் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

கூடலூர்_வாசி
உண்டு. வேற மெஷினில் மின்ட்டோட ஐஎஸ்ஓ, அதாவது நிறுவல் கோப்பை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ்ங்கிற மென்பொருள் வச்சு எழுதி, அதிலிருந்தே பூட் பண்ணுங்க. நிறுவு பட்டனைத் தொடாத வரைக்கும் உள்ளே இருக்கிற விண்டோஸுக்கு ஒண்ணும் ஆகாது. அந்த நிலையிலேயே சவுண்ட், டச்பேட், வைஃபை, பிரிண்ட் எல்லாம் பார்த்துடுங்க. பழைய லேப்டாப் பலவற்றில் பிராட்காம் வைஃபை சிப் இருக்கும், அது உடனே எடுக்காது. போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போன் நெட்டைப் பகிர்ற டெதரிங் போட்டு டிரைவர் மேனேஜரைத் திறந்தா டிரைவரைக் காட்டும். நிறுவுறதுக்கு முன்னாடி பிள்ளைங்க போட்டோ, சான்றிதழ் ஸ்கேன் எல்லாத்தையும் வெளியே எடுத்து வச்சிடுங்க. அது போனா திரும்ப வராது.

தமிழில் டைப் பண்ண ஐபஸ்-எம்17என்ங்கிற பொதியை நிறுவணும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட், பழைய டைப்ரைட்டர் முறை எல்லாம் அதில் இருக்கு. நிறுவினதும் லாக் அவுட் பண்ணி உள்ளே வரணும், இல்லேன்னா பட்டியலில் தெரியாது. வானவில் கோப்பைத் திறக்க உங்ககிட்ட இருக்கிற எழுத்துருவை நகல் எடுத்துப் போட்டா படிக்க முடியும். புதுசா அடிக்கிறதை யூனிகோடில், அதாவது எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்து முறையில் அடிங்க. போன், கூகுள், எல்லா இடத்திலும் அதுதானே ஓடுது.

முனையம்_மட்டும்
எழுத்துருவை லினக்ஸுக்கு நகல் எடுக்கிறதுக்கு முன்னாடி அதன் உரிமத்தைப் பாருங்க. மத்தபடி மின்ட் போதும்னு எல்லாரும் சொன்னா சரி. ஆனா ஆர்வமுள்ள ஒரு பிள்ளைக்காவது கட்டளைவரியைக் காட்டிக் கொடுங்க. நாளைக்கு அந்தப் பிள்ளைதான் உங்க ஊரில் மத்தவங்களுக்குச் சொல்லும்.

மாலைவகுப்பு_டீச்சர்
பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பொண்ணு இருக்கா, போனைக் கழட்டிப் பூட்டுறவ. அவளையும் உட்கார வைக்கிறேன். முடிவு இது: முதலில் ஒரு 4 ஜிபி லேப்டாப்பில் பென்டிரைவ் வழியா பார்க்கிறோம். இன்னொரு 4 ஜிபி விண்டோஸிலேயே, கேள்வித்தாளுக்கும் பிரிண்டுக்கும் மட்டும். மத்த மூணும் ராம் வாங்கின பிறகு.

மலைப்பாதை
சரி. அந்த விண்டோஸ் மெஷினை நெட்டில் போடாம வைங்க. வெளியிலிருந்து வர்ற பென்டிரைவை அதில் செருகாதீங்க.

குன்னூர்_டிடிபி
அந்த ஒரு மெஷினை விட்டது நல்லது. என் கருத்து இன்னும் மாறலை, ஆள் இல்லாத ஊரில் லினக்ஸ் நிலைக்காது. ஆனா பிள்ளைங்க காரியம். உங்க பிரிண்டரின் மாடல் நம்பரை அனுப்புங்க டீச்சர். பழைய லேசர் பிரிண்டர் சிலதுக்கு லினக்ஸில் டிரைவர் கண்டபடி தொல்லை. கடையில் அதே மாடல் இருந்தா பென்டிரைவோட வாங்க, பிரிண்ட் எடுத்தே பார்த்துடலாம்.

மாலைவகுப்பு_டீச்சர்
நாளைக்கு வகுப்பில் பார்த்து மாடல் நம்பர் போடறேன் சார். சனிக்கிழமை கடை எத்தனை மணி வரை?