நாம் கையால் செய்த கிறிஸ்துமஸ் பொருள்கள்: இன்னும் உறுத்துகிற ஒரு கணம்

நூல்கண்டு:
25 கூர்கள் கொண்ட அந்தக் காகித நட்சத்திரத்தை உங்களில் பலரும் செய்திருப்பீர்கள் என்பதால் அதை விளக்கப் போவதில்லை. எனக்கு அப்போது 13 வயது, தம்பிக்கு 10. வெட்டிய கூர்களை எண்ணி அடுக்கித் தருவது அவன் வேலை, ஒட்டுவது என் வேலை. நான்கு நாள் மாலைகள் அதற்கே போயின. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு உறவினர்கள் எல்லோரும் கூடத்தில் அமர்ந்திருக்க, கடைசிக் கூரை வைத்து, பசை இறுகும்வரை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது தம்பி வயரும் பல்புமாக என் எதிரில் நின்றுகொண்டிருந்தான். பல்பை உள்ளே நுழைக்க நட்சத்திரத்தில் ஓரிடமும் இல்லை. திறந்து விட்டிருக்க வேண்டிய பக்கத்தையும் சேர்த்து நான் அடைத்துவிட்டிருந்தேன்.

கூடம் முழுவதும் சிரிப்பு. "யார் பார்த்த வேலை இது?" என்று அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார், அதில் கோபம் துளியும் இல்லை. ஆனாலும் என் வாயிலிருந்து "தம்பிதான்" என்று வந்துவிட்டது. அவன் மறுக்கவில்லை. விரல் நுனியில் காய்ந்திருந்த பசையைத் தோல்போல உரித்துக்கொண்டு, அதையே பார்த்தபடி நின்றான். அப்பா பிளேடால் ஒரு கூரை அறுத்தெடுத்துப் பல்பை நுழைத்தார். அந்த நட்சத்திரம் இன்று தம்பியின் வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் அதை ஏற்றியதும் எனக்குப் படம் அனுப்புகிறான். நானும் ஒவ்வொரு முறையும் "அழகு" என்று பதில் எழுதுகிறேன். எழுத வேண்டியதை எழுதுவதில்லை.

மடிப்புக்கோடு:
என்னுடையது பனிப்பூ, தாளை மடித்துக் கத்தரிக்கோலால் கொத்தி விரிக்கிற அதே பழைய வேலைதான். ஆறு வயது மகளும் அவளுடைய தோழிகள் இருவரும் சன்னல் முழுவதும் ஒட்டுவதற்காக வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். சதுரத் தாளைப் பாதியாக மடித்து, அதைப் பாதியாக்கி, பிறகு மூலைக்கு மூலை மடித்து வெட்டினால் நான்கு இதழோ எட்டு இதழோதான் வரும். குழந்தைகளின் விரல்களுக்கு அதுதான் வசப்படும். ஆறு இதழ் வேண்டுமென்றால் பாதியாக மடித்த தாளை 60 பாகை வீதம் மூன்றாக மடித்து, அதை மறுபடியும் பாதியாக்க வேண்டும். பெரியவர்களுக்கே அது முதல் தடவையில் அமைவதில்லை.

நான் இயற்பியல் படித்தவன். எட்டு இதழ்ப் பூவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த மகளிடம், பனித்துகளுக்கு ஆறு கைகள்தான் உண்டு, நீர் உறையும்போது மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதே அதற்குக் காரணம் என்று தொடங்கி, ஏன் எப்போதும் ஆறாகவே இருக்கிறது என்று வானியலாளர் கெப்ளர் 1611இலேயே மண்டையைக் குடைந்துகொண்டது வரை சொல்லி முடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு விரித்த பூவைப் பழைய மடிப்புகளின் வழியாகவே ஒவ்வொன்றாகத் திரும்ப மடித்து, மிகச் சிறிய முக்கோணமாக்கி, என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள். கிழித்து எறிந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு நினைவில் இருந்திருக்காது. நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் இதில் பெரிய சங்கடம்.

அளவுகோல்:
நூல்கண்டு அவர்களுக்கு ஒரு திருத்தம். அந்த நட்சத்திரத்திற்கு 25 கூர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 26 என்பதே சரி. ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில் மொரேவியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய பள்ளியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மாணவர்களுக்கு வடிவியல் கற்பிப்பதற்காக உருவானது அது. கூர்கள் ஒட்டப்படும் அதன் உள்வடிவத்திற்கு 18 சதுரப் பக்கங்களும் 8 முக்கோணப் பக்கங்களும் உண்டு. கூட்டிப் பாருங்கள்.

அது இருக்கட்டும். உங்கள் நட்சத்திரத்தில் பிழை நேர்ந்தது கடைசிக் கூரில் அன்று, ஒட்டிய வரிசையில் என்றே எனக்குத் தோன்றுகிறது. திறந்திருக்க வேண்டிய பக்கத்தை முதலிலேயே முடிவு செய்து, அதன் விளிம்புக்கு அட்டைச் சட்டம் ஒன்றை ஒட்டிவிட்டு, அதிலிருந்து தொடங்கிச் சுற்றி வர வேண்டும். தாளுக்கு நாரோட்டம், அதாவது அதன் நார்கள் ஓடும் திசை, என்று ஒன்று உண்டு. தாளை இரு திசைகளிலும் மெதுவாக வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் எளிதாக வளையும், அந்தத் திசையிலேயே நீண்ட மடிப்புகள் அமைய வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பின் முதுகு வெடிக்கும். மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒரு கோடு அழுத்திக்கொண்டால் விளிம்பு கத்திபோல நிற்கும். வெள்ளைப் பசையை அள்ளிப் பூசக் கூடாது. அதிலுள்ள நீர் தாளை ஊறவைத்து நெளித்துவிடும், ஆகவே தீக்குச்சியின் முனையால் மெல்லிய படலமாகத் தடவினாலே போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய இழை பல்பைத் தாள் நட்சத்திரத்திற்குள் வைக்கவே கூடாது. அது வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகத்தான் வெளியிடுகிறது. உங்கள் தம்பி இன்னும் அதே பல்பைத்தான் ஏற்றுகிறார் என்றால் உடனே எல்இடி விளக்குக்கு மாறச் சொல்லுங்கள்.

என் அனுபவம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. குறையே இல்லாத ஒரு நட்சத்திரத்தைச் செய்து நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன். அதை எந்தக் கடையில் வாங்கினேன் என்று அவர் கேட்டார்.

நூல்கண்டு:
ஐயா, உள்வடிவத்திற்கு 26 பக்கங்கள் என்பது உண்மைதான். அவற்றில் ஒரு சதுரப் பக்கத்தை விளக்குக்காக விட்டுவிடுகிறோம். 17 சதுரக் கூர்கள், 8 முக்கோணக் கூர்கள், ஆக 25. அந்த ஒரு பக்கத்தை விடாமல் போனதுதான் என் கதையே. பசையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கடைசி இரண்டு வரிகளை நான்கு முறை படித்தேன்.

பின்னல்:
மடிப்புக்கோடு அவர்களே, நான் அந்தக் குழந்தையின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரு நிறத் தாள்களைப் பட்டைகளாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து இதயம் நெய்வோமே, அதுதான். அறியப்பட்டவற்றில் மிகப் பழையது, 1860இல் குழந்தைக் கதைகள் எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் செய்து கொடுத்தது என்று டென்மார்க்கில் சொல்வார்கள். மேலும் கீழுமாக ஓட்டினால் அது பாயாகத்தான் வரும். ஒரு பட்டையைப் பிளந்து அதன் வயிற்றுக்குள் மற்றொன்றைச் செலுத்தினால்தான் கூடையாகத் திறக்கும். எனக்கு அது கைவரவே இல்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பட்டை எப்போதும் கிழியும். கிழிந்ததை நாடாவால் ஒட்டி, கோணலாக ஒன்றை முடித்து, மரத்தில் மாட்டிவிட்டுத் தூங்கப் போனேன்.

நடு இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அம்மா மரத்தடியில் உட்கார்ந்து என் இதயத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கிழிந்த பட்டையை எடுத்துவிட்டு, அதே சிவப்பில் வேறொன்றை வெட்டி, அவ்வளவு பொறுமையாக, நுனி நாக்கைக் கடித்துக்கொண்டு நெய்தார். நான் கதவோரமாகவே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தேன். காலையில் பாட்டியையும் சித்தியையும் அழைத்து, "பாருங்கள், எவ்வளவு நேராகச் செய்திருக்கிறாள்" என்று காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன்.

உங்கள் மகளிடம் நீங்கள் முகத்துக்கு நேரே சொன்னீர்கள். அதையும் நான் தாழ்வாக நினைக்கவில்லை.

மடிப்புக்கோடு:
ஆறுதலுக்கு நன்றி. ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை. உங்கள் அம்மா இதயத்தைத் திருத்தினார். நான் மகிழ்ச்சியோடு ஓடிவந்தவளை நிறுத்தித் திருத்தினேன். இப்போது அவளுக்கு 15 வயது. எதை வெட்டுவதற்கு முன்பும் "சரிதானே அப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரிக்கோலைத் திறக்கிறாள்.

ஈரக்காற்று:
இரண்டு கிண்ணம் மாவு, ஒரு கிண்ணம் உப்பு, ஒரு கிண்ணம் தண்ணீர். பிசைந்து வட்டமாகத் தட்டி, மூத்தவனின் கையை அழுத்தி எடுத்து, குறைந்த சூட்டில் ஓவனில் வைத்துக் காயவிட்டு, வண்ணம் தீட்டி மரத்தில் மாட்டினோம். அவனுக்கு அப்போது ஒரு வயது. அடியில் ஆண்டை எழுதியவர் என் மாமியார். அவருடைய கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும்.

நான்கு ஆண்டுகள் கழித்துப் பெட்டியைத் திறந்தேன். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று தெரியாதவள் அல்ல நான். ஆனால் அது ஐந்து விரல்களையும் ஒன்றாக இழைத்துவிடும் என்று எதிர்பார்க்கவில்லை. கட்டைவிரல் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருந்தது. மாமியார் மறுநாள் வருவதாக இருந்தது. இளையவனுக்கு அந்த ஆண்டு இரண்டு வயது. நான் என்ன செய்தேன் என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். புதிதாக மாவு பிசைந்து, இளையவனின் கையைப் பதித்து, அதே வண்ணத்தைக் குழைத்துப் பூசி, அடியில் மாமியாரின் கையெழுத்தையும் பார்த்துப் பார்த்து வரைந்தேன். அந்தக் கையெழுத்துக்கு மட்டுமே ஒரு மணி நேரம் ஆயிற்று.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. மாமியார் அதைக் கையில் வாங்கி, தன் எழுத்தின் மீதே விரலை ஓட்டி, "அப்போதெல்லாம் என் கை நடுங்காது" என்றார். மூத்தவன் அதை விளக்கருகில் தூக்கிப் பிடித்து, "ஒரு வயதிலேயே என் கை இவ்வளவு பெரிதாக இருந்ததா அம்மா?" என்று கேட்டான். "ஆமாம், நீ நன்றாக வளர்ந்த குழந்தை" என்றேன். இளையவன் மடியில் உட்கார்ந்துகொண்டு அதைப் பிடுங்கக் கை நீட்டிக்கொண்டிருந்தான். விரல்கள் பதிவின் மேல் சரியாகப் பொருந்தி உட்கார்ந்தன. அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அளவுகோல்:
காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு கசியத் தொடங்கும். முன்பக்கம், பின்பக்கம், கயிறு கோக்கும் துளையின் உட்புறம் என ஓரிடமும் விடாமல் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்திருந்தால்...

ஈரக்காற்று:
முழுவதும் படித்தேன் ஐயா. இளையவனின் கைக்கு மூன்று பூச்சு அடித்திருக்கிறேன். அதுதான் இனி அழியவே அழியாது.

பழைய உறை:
கைவேலை தெரியாதவன் நான். ஆகவே பெற்றுக்கொண்டவனாக மட்டும் எழுதுகிறேன். கடையில் வாங்கிய அட்டை அன்பில் குறைந்தது என்பதுபோல இங்கே ஒரு தொனி ஓடுகிறது. அதை நான் ஏற்பதில்லை. 1843இல் ஆங்கிலேய அரசு அதிகாரி ஹென்றி கோல் முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சிட்டதே, வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் கையால் பதில் எழுத அவருக்கு நேரம் இல்லாததால்தான். ஓவியர் ஜான் ஹார்ஸ்லியிடம் படம் வரையச் சொல்லி, 1,000 படிகள் அளவுக்கு அச்சிட்டு, வேலையை முடித்தார். நேரம் இல்லாதவனின் கண்டுபிடிப்பு அது. நேரம் இல்லாதவர்களுக்கும் நண்பர்கள் உண்டு.

இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம் என் நண்பன். தனக்கு வந்த சென்ற ஆண்டு அட்டைகளை வெட்டி, அவற்றின் துண்டுகளால் புதிய அட்டை செய்து அனுப்புவது அவன் வழக்கம். யாரோ அனுப்பிய தேவதையின் சிறகு, வேறு யாரோ அனுப்பிய மரம், இன்னொருவரின் பொன்னிற ஓரம், எல்லாம் ஓர் அட்டையில் குடியிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் வந்த அட்டையில் ஒரு சிவப்புச் சிறுபறவை, வாலைப் பசையிட்டு உடலை நிமிர்த்தி ஒட்டப்பட்டிருந்தது. பறவையை லேசாக மடக்கிப் பார்த்தேன். பின்புறத்தில் என் கையெழுத்து. "விரைவில் சந்தி" என்பது வரை இருந்தது, மீதி எழுத்துகள் கத்தரிக்கோலோடு போயிருந்தன.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் அனுப்பியதை வெட்டி எனக்கே அனுப்புவதா என்று. பழைய உறைகளைத் தேடி எடுத்து ஆண்டுகளை எண்ணிப் பார்த்தபோது அது தணிந்தது. அந்த வாக்கியத்தை நான் ஆறு ஆண்டுகளாகத் தொடர்ந்து எழுதியிருக்கிறேன், ஆறு ஆண்டுகளாக நாங்கள் சந்திக்கவில்லை. பின்புறத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் பறவையை வெட்டினானா, தற்செயலா என்று அவனிடம் கேட்கவில்லை. அந்த ஆண்டும் கடை அட்டைதான் வாங்கினேன். உள்ளே எழுதுவதற்குத்தான் வெகுநேரம் ஆயிற்று.

நூல்கண்டு:
பழைய உறை அவர்கள் எழுதியதைப் படித்த அன்று இரவே தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். நலம் விசாரிக்கக்கூட இல்லை. அந்தப் பக்கத்தை அடைத்தது நான்தான், பழியை உன் மேல் போட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

சற்று நேரம் அமைதியாக இருந்தவன், "இல்லையே அக்கா, கூர்களை எண்ணி வைத்தது நான்தானே? 25 வைப்பதற்குப் பதில் 26 வைத்துவிட்டேன். நீ பாவம், நான் எடுத்துக் கொடுத்ததை ஒட்டினாய்" என்றான். இத்தனை ஆண்டுகளாக அவன் அப்படித்தான் நினைத்திருக்கிறான். எதையும் இரண்டு முறை எண்ணிப் பார்க்கிற பழக்கம் தனக்கு அன்றைக்கு வந்ததுதான் என்றும் சொன்னான். வேலையிடத்தில் அதற்காகக் கேலிகூடச் செய்கிறார்களாம். மிகையாக இருந்த கூரைத் தாள் குவியலிலிருந்து எடுத்து நானே ஒட்டினேன், நீ தந்தவை சரியாக 25தான் இருந்தன என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் ஆறுதலுக்காகச் சொல்வதாக நினைத்துச் சிரித்துவிட்டு, குழந்தைகள் தூங்கிவிட்டார்கள், நாளைக்குப் பேசலாம் என்று வைத்துவிட்டான்.