பொருள்: நச்சா, வீரியமா, வீறா? பாக்டீரியாவின் நோய் மரபணுக்களுக்கு ஒரு சொல்

வணக்கம். நுண்ணுயிரியல் நூலின் ஓர் இயல் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. பாக்டீரியா நோய் உண்டாக்க உதவும் மரபணுக்களை வரைவில் 'நச்சு மரபணு' என்றிருக்கிறோம். சரிதானா?

——

> நச்சு மரபணு

பொருந்தாது. காலரா நச்சை ஆக்கும் சிடிஎக்ஸ்-ஏ, சிடிஎக்ஸ்-பி என்ற மரபணுக்கள் இரண்டுக்கும் சரி. குடற்சுவரில் கிருமியைத் தங்கவைக்கும் இழைக்கான டிசிபி-ஏ நச்சே அல்லவே. நிமோனியாக் கிருமியின் உறையும் அப்படித்தான். உறையுள்ள வகை எலியைக் கொல்லும், உறையற்றது கொல்லாது என்று 1928இல் கிரிஃபித் காட்டினார். உறையில் நஞ்சில்லை, விழுங்க வரும் வெள்ளணுவிடமிருந்து தப்பவைக்கிறது, அவ்வளவே. 'நோயாக்கு மரபணு' எனலாம்.

——

'நோய் மரபணு' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், பரம்பரை நோய் என்றே மாணவர் படிப்பார். குறள் 948 'நோய்முதல்' என்று தந்திருக்கிறதே! நோ என்னும் அடியிலிருந்து நோய், நோவு, நோன்பு...

——

நோன்புக்கு அடி 'நோல்', ஐயா. நோற்றல் வேறு, நோதல் வேறு.

——

சிக்கல் வேறிடத்தில். நோயாக்குதிறன் என்பது உண்டா இல்லையா என்ற கேள்வி. எவ்வளவு கடுமையாக என்பது இன்னொன்று: பாதி எலிகளைக் கொல்லத் தேவையான கிருமி அளவு குறையக் குறைய அது கூடும். இந்த இரண்டாவதற்கு எதிர்ச்சொல்லும் வேண்டும், தடுப்பூசிக்காகத் தணித்த கிருமிக்கும் சொல் வேண்டும். 'வீறு' மூன்றுக்கும் இடம்கொடுக்கும்: வீறு மரபணு, வீறிலி, வீறு தணித்த கிருமி.

——

விதிப்படி புணர்த்தால் 'வீற்று மரபணு'. ஆறு, ஆற்றுநீர் ஆவதுபோல. மரபணு எங்கே வீற்றிருக்கிறது என்று மாணவர் கேட்பார். தவிர, குறள் 665இல் வினைத்திட்பம் உடையவர் எய்துவது வீறு. அதைக் காலராக் கிருமிக்குத் தூக்கிக்கொடுக்க மனம் வரவில்லை.

——

'வீரியம் குறைந்த கிருமி' என்று நாளிதழ்களே எழுதுகின்றன. எல்லாருக்கும் புரிகிறது.

——

வீரியம் வடசொல்.

——

பாக்டீரியா எந்த ஊர்ச் சொல்லாம்?

——

நன்றி. பெரும்பான்மைப்படி நோயாக்கு மரபணு, கடுமைக்கு வீரியம். இத்தகைய மரபணுக்கள் குழுமியிருக்கும் நீள் துண்டுக்கு 'நோயாக்கத் தீவு' என்று வைத்துவிட்டேன். 'நோயாக்குக் காரணி'யில் க் மிகுமா?

——

மிகாது. வினைத்தொகை: நோயாக்கு காரணி. 'நோயாக்கம்' என்ற பெயரில் தொடங்கினால் மட்டும் நோயாக்கக் காரணி. தீவுக்கு எனக்கு உடன்பாடில்லை. சுற்றியுள்ள மரபுத்தொகுதியிலிருந்து ஜி-சி விகிதம் (டி.என்.ஏ.வில் ஜி, சி என்ற இரு காரங்களின் பங்கு) மாறி மேடிட்டு நிற்பதால் 'திட்டு' போதும்.

——

சொல் எதுவானாலும் இயல் தலைப்பில் 'பாக்டீரியாவின்' தவறு. தொண்டை அடைப்பான் நச்சின் மரபணு அந்தக் கிருமியில் புகுந்த ஃபேஜினுடையது (ஃபேஜ்: பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்). ஃபேஜ் இல்லாத கிருமியிடம் அந்த நச்சே இல்லை. வேடிக்கை, அதை அடக்கிவைக்கும் புரதம்தான் பாக்டீரியாவினுடையது. இரும்பு குறைந்தால் பிடி விடும், நச்சு பெருகும். காலராவின் சிடிஎக்ஸ் இரண்டும் ஃபேஜ் கொண்டுவந்தவையே. அச்சுக்கு முன் 'பாக்டீரியா சுமக்கும்' என்றாவது மாற்றுங்கள்.