சாஸ்தா கோவில் குடும்பக் குழு: உத்திரமும் பிக்கப்பும்

வெள்ளி, மாலை

முருகேசன்: எல்லோரும் பார்க்கவும். பங்குனி உத்திரத்துக்குச் சாமான் ஏற்றிப் போகிற நம்ம பிக்கப்பில் ஃபோர்வீல் (நாலு சக்கரமும் இழுக்கிறது) வேலை செய்யவில்லை. லிவர் விழுது, லைட்டும் எரியுது, முன் சக்கரம் மட்டும் இழுக்க மாட்டேங்குது. இன்னைக்கு ஏத்தன் வாழைத்தார் ஏற்றப் போன இடத்தில் பின் சக்கரம் ரெண்டும் குழி பறிச்சு நின்னுட்டு. டிராக்டர் வச்சுத்தான் இழுத்தோம்.

கோமதி மைனி: ஐயோ. தாருக்கு ஒண்ணும் ஆகலையே?

முருகேசன்: தார் நல்லா இருக்கு மைனி. எனக்கு என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கல.

கோமதி மைனி: டைப் பண்ணுதீங்கல்லா, அப்போ நல்லாத்தான் இருக்கீங்க

பாலா குவைத்: கோவிலுக்குப் போற வழியில் இருக்கிற ஓடையில் தண்ணி எவ்வளவு?

முருகேசன்: கணுக்கால் அளவுதான் அண்ணே. ஆனா மலையில் மழை பெய்து புது மணல் வந்து கெடக்கு.

வள்ளியூர் அத்தான்: வண்டி எங்கிட்ட இருந்தவரைக்கும் ஒரு நாளும் நின்றதில்லை.

முருகேசன்: நீங்க வள்ளியூர்ல இருந்து நாங்குநேரிக்கு நாலுவழிச் சாலையில் ஓட்டினீங்க அத்தான். அதில் சைக்கிளும் நிக்காது.

வள்ளியூர் அத்தான்: வாங்கும்போது ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினே

சங்கர் சென்னை: நெட்ல பார்த்தேன். வாக்குவம் ஆக்சுவேட்டர் போயிருக்கலாம், வாக்குவம் ஹோஸில் விரிசல் இருக்கலாம், கண்ட்ரோல் மாடியூல் ஃப்யூஸ் போயிருக்கலாம்.

செல்வம் சித்தப்பா: சங்கர், அதெல்லாம் பட்டன் திருகுகிற வண்டிக்கு. நம்ம வண்டியில் வாக்குவமும் கிடையாது, மாடியூலும் கிடையாது. லிவர், கையால் திருப்புகிற ஹப், அவ்வளவுதான்.

சங்கர் சென்னை: சரிப்பா

செல்வம் சித்தப்பா: முருகேசா, லைட் எரியுது என்பதை வைத்து முன் சக்கரத்துக்கு இழுவை போகிறது என்று முடிவு பண்ணாதே. அந்த லைட்டுக்கு சுவிட்ச் இருப்பது டிரான்ஸ்ஃபர் கேஸில், அதாவது இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டியில். லிவர் உள்ளே விழுந்ததா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதற்கு அப்புறம் எத்தனை இடம் இருக்கிறது பார். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்பக்கம் ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட், அது முன் ஹவுசிங்கில் கிரவுன் என்கிற பல்சக்கரத்தைச் சுற்றும், அங்கிருந்து இரண்டு பக்கமும் ஆக்சில், கடைசியில் சக்கரத்தின் நடுவில் ஹப். ஹப்பில் ஃப்ரீ, லாக் என்று இரண்டு குறி இருக்கும். ஃப்ரீயில் இருந்தால் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும், ஆக்சில் தன்பாட்டுக்குச் சும்மா கிடக்கும். லாக்கில் திருப்பினால்தான் இரண்டும் ஒன்றாகும். இதில் எந்த இடத்தில் விட்டுப்போனாலும் மேலே லைட் எரியும், கீழே வண்டி நிற்கும். இப்போ சொல்லு, ஹப்பைத் திருப்பினாயா?

முருகேசன்: திருப்பினேன் சித்தப்பா

செல்வம் சித்தப்பா: இரண்டு பக்கமுமா?

முருகேசன்: ரெண்டும்தான். டிரைவர் பக்கம் கையாலேயே திரும்பிட்டு. கிளீனர் பக்கம் ரொம்ப இறுக்கம், பிளேயர் வச்சுத் திருப்பினேன்.

செல்வம் சித்தப்பா: பிளேயரா

பாலா குவைத்: பிளேயரா 😂

முருகேசன்: வேற என்ன செய்ய, முழங்கால் சேத்தில் நின்னுக்கிட்டு

சுடலை பெரியப்பா: தலைக்கட்டு வரி 2000. இன்னும் 6 வீடு பாக்கி. பந்தல்காரன் அட்வான்ஸ் கேட்கிறான்.

கோமதி மைனி: எங்க வீட்டுது நேத்தே போட்டாச்சு பெரியப்பா

சுடலை பெரியப்பா: உன் பெயர் அந்த 6 இல் இல்லை தாயி. யார் யாரென்று அவரவருக்குத் தெரியும்.

வள்ளியூர் அத்தான்: மாமா, நாங்க பொண்ணு எடுத்த வீடு. எங்களுக்கு என்ன வரி?

பாலா குவைத்: வரி கிடையாது, சாமிக்குப் போட்ட மாலை மட்டும் முதல்ல வேணும்

வள்ளியூர் அத்தான்: மருமகனுக்கு மரியாதை செய்வது உங்க வீட்டு வழக்கம். நான் கேட்டு வாங்கவில்லை.

கோமதி மைனி: ஏங்க நீங்க வேலையைப் பாருங்க. குவைத்தில் உக்காந்துக்கிட்டு இங்க சண்டை இழுக்காதீங்க.

செல்வம் சித்தப்பா: முருகேசா, பின் டயர் மாற்றினாயே, முன்னால் இருக்கிற அதே சைஸா?

முருகேசன்: ஒரு சைஸ் பெருசு. கடைக்காரர் மண்ணுக்கு நல்லதுன்னு சொன்னார்.

செல்வம் சித்தப்பா: அவர் பின்பக்கம் மட்டும் இழுக்கிற வண்டியை நினைத்துச் சொல்லியிருப்பார். ஃபோர்வீல் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே சுற்றுதான் சுற்றும். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், சின்ன டயர் குறைவாகப் போகும். அந்த வித்தியாசம் எங்காவது போய்ச் சேரணுமே. மணலில், சேற்றில் டயர் வழுக்கிச் சரிக்கட்டிக் கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, அதனால் ஷாஃப்டும் கியரும் முறுக்கிக்கொண்டு நிற்கும். திருப்பத்தில் வண்டி உதறும், அப்புறம் லிவர் வெளியே வராது.

முருகேசன்: ஆமா சித்தப்பா!! தோப்புல இருந்து வெளிய வந்ததும் லிவர் வரல. மாரி காலால மிதிச்சான்.

மாரி: நான் மெதுவாத்தான் மிதிச்சேன்

செல்வம் சித்தப்பா: லிவரை யாரும் மிதிக்காதீங்க. ஸ்டியரிங்கை நேராக வைத்து, ரிவர்ஸில் நாலடி வாருங்கள். முறுக்கு விட்டுப்போகும், லிவர் தானாக வரும். ஆனால் ஒன்று. இழுக்கவே செய்யாத வண்டிக்கு முறுக்கு எப்படி ஏறும்? லிவர் வரவில்லை என்றால் லிவரோடு சேர்ந்த லிங்கேஜ் கம்பி துருப்பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹப் ஒரு நேரம் பிடித்து ஒரு நேரம் விடுகிறது. பார்த்தால்தான் தெரியும்.

பாலா குவைத்: ஓடை மணலுக்கு நான் ஒரு வழி சொல்லுதேன். இங்க பாலைவனத்துக்குள் போகும்போது காற்றை இறக்கிடுவாங்க. 35 பவுண்டு இருந்தா 18க்குக் கொண்டு வா. டயர் பரந்து உட்காரும், புதையாது. ஃபோர்வீலே வேண்டாம்.

செல்வம் சித்தப்பா: பாலா சொல்வது சரிதான், ஆனால் அங்கே வெறும் வண்டி. இங்கே அரிசி, அண்டா, விறகு, தண்ணீர் டிரம், மேலே எட்டுப் பேர். அத்தனை பாரத்தோடு 18க்கு இறக்கினால் கல்லில் ஏறும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். 25க்குக் கீழே போக வேண்டாம். தார் ரோடு ஏறியதும் திரும்ப அடித்துவிட வேண்டும்.

சங்கர் சென்னை: அண்டான்னதும் நினைப்பு வருது, போன தடவை ஓடையில் மிதந்துபோன அண்டா கெடச்சுதா?

மாரி: பக்கத்து ஊர்க்காரன் வச்சிருக்கான். கேட்டா எங்க அண்டாங்கான்.

கோமதி மைனி: அதில் எங்க அம்மா பேரு வெட்டியிருக்கு. நான் வந்து வாங்குதேன்.

செல்வம் சித்தப்பா: நாளைக் காலையில் இதைச் செய். சமதளத்தில் நிறுத்து, ஹேண்ட்பிரேக் போடு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வை. என்ஜின் ஓடக் கூடாது. முன்பக்கம் இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்புகிற அளவுக்கு ஜாக்கி போட்டு, அடியில் ஸ்டாண்டு கொடு. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே தலை கொடுக்காதே. ஹப் இரண்டையும் லாக்கில் வை, லிவரை ஃபோர் ஹையில், அதாவது சாதாரண வேக ஃபோர்வீலில் போடு. இப்போ டிரைவர் பக்கச் சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்று. இரண்டு ஹப்பும் பிடித்திருந்தால் கிளீனர் பக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். அது அசையாமல் நின்றால் ஏதோ ஒரு ஹப்பில் பிடிப்பில்லை. ஒன்று பிடிக்காமல் போனாலே போதும், மற்றதும் இழுக்காது. இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் லேசாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும்.

பாலா குவைத்: நம்ம தலைக்கட்டு வரி மாதிரி. ஒருத்தர் குடுக்கலன்னா மத்தவங்களும் கையை விட்டுருவாங்க.

சுடலை பெரியப்பா: 👍

வள்ளியூர் அத்தான்: யாரைச் சொல்லுதே பாலா

சனி, காலை

முருகேசன்: சித்தப்பா, சுத்திப் பார்த்தோம். டிரைவர் பக்கம் சுத்துது, கிளீனர் பக்கம் அப்படியே நிக்கி. அடியில் தலையை விட்டுப் பார்த்தா அந்தப் பக்கம் ஆக்சில் மட்டும் உள்ளே சுத்துது.

செல்வம் சித்தப்பா: ஆக்சில் சுற்றிச் சக்கரம் சுற்றவில்லை என்றால் கிளீனர் பக்க ஹப்தான். ஷாஃப்ட், கிரவுன் எல்லாம் தப்பித்தது. சந்தோஷப்படு. இல்லாவிட்டால் பெரிய செலவு. ஹப் மூடியைக் கழற்று. போல்ட்டை ஒரு தட்டில் போட்டு வை.

மாரி: கழட்டியாச்சு. போட்டோ போட்டிருக்கேன்.

செல்வம் சித்தப்பா: அடேயப்பா. கிரீஸ் காய்ந்து மஞ்சளாகக் கெட்டிப்பட்டு, அதோடு சேறும் சேர்ந்திருக்கிறது பார். வெளியே டயல் லாக்குக்குத் திரும்பினாலும், உள்ளே இருக்கிற வளையம் நகர்ந்து ஆக்சில் பல்லோடு போய்ச் சேரணும். நடுவில் இந்தக் கெட்டிக் கிரீஸ் இருந்தால் பாதியில் நின்றுவிடும். டீசல் ஊற்றிப் பிரஷ் வைத்துக் கழுவு. ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, பல் மழுங்கியிருக்கிறதா என்று பார். துடைத்துக் காயவிட்டு, புது கிரீஸை லேசாகப் பூசு. அப்பி வைக்காதே, அப்பினால் அதுவும் நாளைக்கு இப்படித்தான் இறுகும்.

கோமதி மைனி: ஆச்சி என்ன சொல்லுதாங்கன்னா, வண்டி ஓடாட்டி மாட்டு வண்டி பிடிங்கன்னு. அந்தக் காலத்தில் அப்படித்தான் போனாங்களாம்.

மாரி: மாட்டு வண்டி எங்க மைனி இருக்கு இப்போ

கோமதி மைனி: அதை நீயே ஆச்சிகிட்ட சொல்லு

சங்கர் சென்னை: திருக்குறுங்குடியில் நம்பி மலைக்கு ஓட்டுற ஜீப் ஒண்ணு பேசினா என்ன? ஆச்சியை அதில் ஏத்திடலாம். சாமான் மட்டும் பிக்கப்.

சுடலை பெரியப்பா: ஜீப் வாடகை யார் கணக்கு? கோவில் கணக்கில் எழுத முடியாது.

முருகேசன்: கழுவி மாட்டியாச்சு. இப்போ டயல் கையாலேயே திரும்புது, உள்ளே டக்குன்னு விழுற சத்தமும் கேக்கு. கிளீனர் பக்கச் சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்துது!!!

பாலா குவைத்: சபாஷ்ல

முருகேசன்: ஆனா ரெண்டு விஷயம். மூடிக்கு உள்ளே இருந்த பேப்பர் பேக்கிங் கிழிஞ்சுட்டு. அப்புறம் டயல் ஓரத்தில் ஒரு முனை உடைஞ்சிருக்கு.

வள்ளியூர் அத்தான்: அது பிளேயர் வேலை. நான் கொடுக்கும்போது உடையவில்லை.

செல்வம் சித்தப்பா: டயல் முனை பரவாயில்லை, பேக்கிங் கட்டாயம் வேணும். அது இல்லாமல் ஓடையில் இறக்கினால் தண்ணீர் ஹப்புக்குள் போய், அங்கிருந்து வீல் பேரிங்குக்கும் போகும். பேரிங் போனால் ஹப்பைவிடப் பெரிய வேலை. மாரி, ஜங்ஷன் பக்கம் பார்ட்ஸ் கடையில் பழைய பேக்கிங்கைக் காட்டி அதே அளவு கேள். டிரான்ஸ்ஃபர் கேஸில் எண்ணெய் மட்டம் பார்த்தீங்களா? பக்கவாட்டில் போல்ட் இருக்கும், கழற்றி விரலை விட்டால் நனையணும். குறைவாக இருந்தால் இப்போது உள்ளே என்ன எண்ணெய் இருக்கிறதோ அதையே ஊற்று. அத்தான், 90 கியர் ஆயிலா வேறா?

வள்ளியூர் அத்தான்: நான் ஊற்றவே இல்லையே

செல்வம் சித்தப்பா: எத்தனை வருஷமாய்?

வள்ளியூர் அத்தான்: வண்டி நல்லாத்தான் ஓடிச்சு

முருகேசன்: 🙏

செல்வம் சித்தப்பா: அப்போ முழுசா வடித்துவிட்டுப் புதுசு ஊற்று. வண்டியோடு வந்த புத்தகம் இருந்தால் அதில் எது போட்டிருக்கிறதோ அதைப் போடு. வடிகிற எண்ணெயைக் கையில் தொட்டுப் பார், இரும்புத் துகள் மின்னினால் உடனே எனக்குச் சொல். டயர் இந்த உத்திரத்துக்கு மாற்ற முடியாது. அதனால் ஃபோர்வீலை ஓடையில் இறங்குமுன் போடு, அக்கரை ஏறியதும் எடு. தார் ரோட்டில் வேண்டாம். ஃபோர் லோ போடுவதானால் வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்துக்கொண்டு போடு. இழுவை ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூடும், வேகம் அதே அளவு குறையும். அக்கரை மேட்டுக்கு அதுதான் சரி. உத்திரம் முடிந்த பிறகும் மாதம் ஒரு தடவை ஹப்பைத் திருப்பிப் போட்டு மண் பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டு. வருஷம் பூராவும் தொடாமல் விட்டால் இதே கதைதான்.

சங்கர் சென்னை: அப்பா இதை ஒரு குரல் செய்தியா போட்டிருக்கலாம்

செல்வம் சித்தப்பா: குரல் செய்தியை நீ கேட்கவா போகிறாய்

முருகேசன்: புத்தகம் அத்தான்கிட்ட இருக்கும்

வள்ளியூர் அத்தான்: வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. தேடச் சொல்கிறேன்.

முருகேசன்: நாளைக்குக் காலையில் ஓடையில் இறக்கி ஓட்டிப் பார்ப்போம். யார் யார் வாரீங்க?

சுடலை பெரியப்பா: எனக்கு மூட்டு

சங்கர் சென்னை: நான் செவ்வாய்தான் டிக்கெட் போட்டிருக்கேன்

வள்ளியூர் அத்தான்: நான் வருகிறேன். ஆனால் ஓடைக்குள் நான்தான் ஓட்டுவேன்.

முருகேசன்: பாக்கலாம் அத்தான்

மாரி: கடையில் பேக்கிங் இல்லையாம். திங்கட்கிழமை வரச் சொல்லுதாங்க. வெட்டிக்கிற ஷீட் தரட்டுமான்னு கேக்காங்க.

செல்வம் சித்தப்பா: ஷீட் வாங்கு. மூடியை மேலே வைத்து அளவு வரைந்து நாமே வெட்டிக்கலாம். போல்ட் ஓட்டைக்குப் பஞ்ச் வேணும், என்னிடம் இருக்கிறது. ஆனால் நாளை காலை ஓடைக்குள் இறக்க வேண்டாம், மேலே காய்ந்த மணலில் மட்டும் பாருங்கள்.

கோமதி மைனி: அப்போ ஜீப்புக்கு அட்வான்ஸ் குடுக்கவா வேண்டாமா? அவர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்

மாரி: ஷீட் என்ன கனத்தில் சித்தப்பா? மூணு விதம் வச்சிருக்காங்க

சுடலை பெரியப்பா: இன்னும் 5 வீடு.