ஒபரேஷன் அன்று ஒரு பிரஷர் மாத்திரையை நிறுத்தி, மற்றதைப் போடச் சொல்வது ஏன்?

மஸ்கெலியா மகள்:
அம்மாவுக்கு 62 வயது, முப்பது வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். கர்ப்பப்பை இறக்கத்துக்கு வியாழக்கிழமை ஒபரேஷன். போன முறை வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்களே என்று மாத்திரையும் கொடுக்காமல் கூட்டிப் போனேன். பிரஷர் 190/115. திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேன் காசும் போய், ஒரு நாள் பேரும் (சம்பளமும்) போனது. இப்போது கிளினிக் கொப்பியில் லொசார்டனை முதல் நாளே நிறுத்தவும், அம்லோடிபினைக் காலையில் போடவும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் பிரஷருக்குத்தானே? ஒபரேஷனுக்கு மரத்துப்போக முதுகில் ஊசி போட்டால் பிரஷர் இறங்கிவிடும் என்று லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) சொல்லிச் சொல்லி அம்மா சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறார்.

ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ், ஹட்டன்:
மகள், இறங்குவது உண்மை. அதை உடனே தூக்கிவிட ஆள் பக்கத்திலேயே இருப்பதும் உண்மை. அந்த ஊசி வலி நரம்போடு, ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளையும் விறைக்க வைக்கிறது. குழாய்கள் தளர, ரத்தம் காலில் தேங்கும். அதனால்தான் ஆரம்பத்தில் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அளப்போம். சில நேரம் மெஷினுக்கு முன்னாலேயே ஆள் காட்டிக் கொடுத்துவிடும்: உதடு வெளிறும், "மிஸ்ஸி, வயித்த பொரட்டுது" என்பார்கள். மயக்க மருந்து டொக்டர் சிரிஞ்சில் பிரஷரை ஏற்றும் மருந்தைக் கரைத்து, லேபல் ஒட்டித் தயாராக வைத்திருப்பார். நாடியும் குறைந்தால் எபிட்ரின், 3 அல்லது 6 மில்லிகிராம். நாடி வேகமாக ஓடினால் பீனைலெப்ரின், 50 முதல் 100 மைக்ரோகிராம். கொஞ்ச நேரத்தில் முகத்தில் களை திரும்பும். எத்தனையோ தடவை கையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன்.

பிரஷர் விழும்போது உடம்பு தானாகக் குழாய்களை இறுக்கப் பார்க்கும். லொசார்டன் அதற்குத் தடை போடும். விழுந்த பிரஷர் லேசில் எழும்பாது. அதனால்தான் 24 மணித்தியாலத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வது. அம்லோடிபினால் அந்தத் தொல்லை குறைவு. ஒரு மிடறு தண்ணீரில் போடலாம், வெறும் வயிறு கெடாது. இதைப் போன முறையே யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அதுதான் மனவருத்தம்.

கொட்டகலை தம்பி:
என் அப்பா போடுவது அட்டெனோலோல். அதை ஒபரேஷன் அன்றும் விடக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் நாடியும் பிரஷரும் எகிறும் என்றார்கள். மாத்திரைக்கு மாத்திரை வித்தியாசம் அக்கா. கொப்பியில் உள்ளபடியே செய்யுங்கள்.

மஸ்கெலியா மகள்:
நன்றி மிஸ்ஸி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இரவு சாப்பிட்டார். லொசார்டனைத் திரும்ப எப்போது தொடங்குவது?

ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ், ஹட்டன்:
நீங்களாகத் தொடங்க வேண்டாம். பிரஷரைப் பார்த்து வாட்டில் சொல்வார்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கேட்டு, கொப்பியில் எழுதி வாங்குங்கள். இரண்டு மாத்திரை அட்டையையும் பையில் வையுங்கள், காட்டச் சொல்வார்கள்.